பூஜ்ஜியத்தைத் திருத்திய தெரு

கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று யாராவது அளவுக்காரியைக் கேட்டிருந்தால், வாசலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருப்பாள். பத்தொன்பது வருடமாக அவள் பார்த்துவந்தது அதைத்தான்.

அவளுடைய வேலை எளிமையானது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பாலம். பாலத்தின் மூன்றாவது தூணை ஒட்டி ஒரு கான்கிரீட் கம்பம். அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சென்டிமீட்டர் கோடுகள். தினமும் கடல் ஏறி நிற்கிற நேரத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். பாலத்தடி அறையில் இருக்கும் பதிவேட்டில் அதை எழுதி, அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். இதற்காக அரசாங்கம் அவளுக்கு ஒரு குடையும் இரண்டு செட் சீருடையும் கொடுத்திருந்தது. தெருக்காரர்கள் அளவுக்காரி என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் தண்ணீர் நூற்றைம்பதைத் தொட்டாலே பெரிய விஷயம். வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஆட்கள் வருவார்கள். போகப் போக நூற்றைம்பது சாதாரணமானது, நூற்றெழுபது சாதாரணமானது. அப்புறம் மழையே பெய்யாத நாளில், வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, சாக்கடை வழியாக உப்புத் தண்ணீர் தெருவுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. தெரு பாலத்தருகிலிருந்து கழிமுகத்தை நோக்கிச் சரிவாக இறங்கும். இருபத்திரண்டு வீடுகள். மேல் முனையில் அவள் அண்ணனின் மாடி வீடும் பெயின்ட் கடையும். நடுவில் அவளும் கணவரும். கீழ் முனையில், தண்ணீர் முதலில் வந்து நலம் விசாரிக்கிற வீட்டில், ஒரு தையற்காரர் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் மூன்று மெஷின்களோடும் இருந்தார்.

தண்ணீரைத் தெரு எதிர்கொண்ட விதத்தை நினைத்தால் அளவுக்காரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். முதலில் எல்லோரும் வாசற்படிக்கு மேல் ஒரு வரிசை செங்கல் வைத்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு வரிசை. பிறகு ஒருவர் தன் முற்றத்தை மண் கொட்டி உயர்த்தினார். அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைவிட ஒரு சாண் கூடுதலாக உயர்த்தினார். இப்படியே போய், தெருவில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலும் ஏறிப் போக வேண்டும் என்றும், எல்லோருக்கும் பொதுவான தெருவில் மட்டும் நீந்திப் போக வேண்டும் என்றும் ஆனது. யார் மீது பழி போடுவது என்பதிலும் குறை வைக்கவில்லை. மேலே அணை கட்டியவர்கள், சாக்கடை கட்டிய காண்டிராக்டர், படகு கட்டுகிறவர்கள், எதிர்க்கரையில் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று முறை வைத்துத் திட்டினார்கள். கடலை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அது கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லுமா?

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உப்புக் காற்றிலும் தண்ணீரிலும் கம்ப்ரஸர்கள் துருப்பிடித்துச் சாகச் சாக அவருக்கு வேலை குவிந்தது. ஊரிலேயே கடலால் வாழ்கிற ஒரே ஆள் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. பதிவேட்டை மூடிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, ஒவ்வொரு வாசலிலும் புதிதாக முளைத்திருக்கும் செங்கல் வரிசையைப் பார்த்து மனதுக்குள் ஒருமுறை காறித் துப்பிவிட்டுத்தான் தன் படியேறுவாள். எண் அவளிடம் இருந்தது. எண் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்ற கர்வமும் இருந்தது.

பிறகு ஒரு சட்டம் வந்தது. கம்பத்தில் தண்ணீர் நூற்றெண்பதை வருடத்தில் இருபது நாட்களுக்கு மேல் தொட்டால், அந்தக் கரை வசிக்கத் தகாத பகுதி என்று அறிவிக்கப்படும். வீட்டை விற்க முடியாது, புதிதாகக் கட்ட முடியாது. அரசாங்கம் மேட்டில் மனை கொடுக்கும், போய்விட வேண்டும். சட்டம் வந்தபோது அந்த வருடக் கணக்கில் பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

தெரு அதுவரை இப்படிப் பதறியதில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது பதறாதவர்கள், காகிதத்தில் வந்த நூற்றெண்பதைப் பார்த்துப் பதறினார்கள். அண்ணன்தான் தெருச் சங்கத்தின் தலைவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். கீழே தண்ணீர் நின்றிருந்ததால் தெருவில் போட முடியவில்லை.

கூட்டத்தில் கணக்கு வாத்தியார் எழுந்தார். ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பூஜ்ஜியத்தை இடம் மாற்றிப் போட்ட பிள்ளைகளை முட்டி போட வைத்தவர். அவர் கரும்பலகை கொண்டுவரச் சொல்லி, ஒரு கம்பத்தை வரைந்து, பொறுமையாக விளக்கினார். தண்ணீர் ஏறவில்லை. கம்பத்தின் பூஜ்ஜியம் ஆரம்பத்திலேயே தப்பான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எதையும் எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதுதானே முக்கியம்? பூஜ்ஜியத்தை அரை மீட்டர் மேலே வைத்தால் எல்லா எண்ணும் ஐம்பது குறைந்துவிடும். நூற்றெண்பத்தைந்து வெறும் நூற்று முப்பத்தைந்து. அவர் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தபோது கைதட்டல் அடங்கவே நேரமானது. வெள்ளத்துக்கு வடிகால் கண்டுபிடித்த மாதிரி ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அளவுக்காரி ஓரமாக நின்றிருந்தாள். இந்தக் கூத்து அலுவலகத்தில் நடக்காது, அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர் என்பது இளநிலைப் பொறியாளர். சங்கத்தின் மனுவைப் படித்துவிட்டு அவர் மூச்சை இழுத்துவிட்டார். வசிக்கத் தகாத பகுதி என்று அறிவித்தால் இருபத்திரண்டு வீட்டுக்கு மனை தேட வேண்டும், கோப்பு எழுத வேண்டும், மேலதிகாரி ஆயிரம் கேள்வி கேட்பார். பூஜ்ஜியத்தைத் திருத்துவதற்கு இரண்டே இரண்டு கையெழுத்து போதும். அவருடையதும், வழக்கமாக அளவு பார்ப்பவர் என்ற முறையில் அவளுடையதும்.

அண்ணன் அந்தத் தாளை அவள் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"நான் என்ன உன்னைப் பொய் சொல்லச் சொல்றேனா? கம்பத்துல என்ன தெரியுதோ அதை எழுதப் போற. அதுக்கு மேல உனக்கென்ன?"

"தண்ணி ஏறுதுன்னு உனக்குத் தெரியாதாண்ணே?"

"ஏறட்டும். எனக்கு அப்பா விட்டுட்டுப் போன வீடு இது. மேட்டுல போயி யாருக்கு நான் தலைவரு?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் உண்மை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் என்பதற்காகவா, வேலை போய்விடும் என்பதற்காகவா, எப்படியோ கெட்டு ஒழியட்டும் என்ற வெறுப்பினாலா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். மூன்றாவதுதான் என்று தோன்றும். இத்தனை முட்டாள்களுக்கு நடுவில் நான் மட்டும் எதற்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று தோன்றியது.

கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையை அண்ணன் கடையே எடுத்துக்கொண்டது. பழைய கோடுகளை மூடி, புதுப் பூஜ்ஜியத்திலிருந்து புதுக் கோடுகள். வேலை சுத்தமாக இருந்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அண்ணன் பெயின்ட் விஷயத்தில் மோசடி செய்ய மாட்டார், இரண்டு கோட் அடித்திருந்தார். மறுநாள் அவள் நூற்று இருபத்தொன்பது என்று பதிவேட்டில் எழுதினாள். உள்ளூர்ப் பத்திரிகை, கடல் பின்வாங்குகிறது என்று நான்கு பத்திச் செய்தி போட்டது.

அன்றைக்கே அவள் ஒரு நோட்டு வாங்கினாள். ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுதிவிட்டு, ஐம்பதைக் கூட்டி நோட்டில் எழுதுவாள். யாருக்கும் காட்டவில்லை. உண்மை தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்ற திருப்தி அவளுக்கு இருந்தது. அந்தத் திருப்தியில் ராத்தூக்கம் நன்றாகவே வந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் பாலத்துக்கு வந்து நேராகக் கேட்டார். தையற்காரர். அளவெடுப்பது அவருக்கும் தொழில்தான். கைப்பிடிச் சுவருக்கு மேலே குனிந்து கம்பத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நாடாவை ரெண்டு இஞ்ச் தள்ளிப் பிடிச்சா இடுப்பு சின்னதாயிருமாக்கா? சட்டைதான் பத்தாம போகும். நீங்க சொல்லுங்க, தண்ணி ஏறுதா இல்லையா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏறுகிறது என்றாள். எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் ஒரு சின்ன லாரி வந்தது. மூன்று மெஷின்கள், ஒரு கட்டில், துணி மூட்டைகள், பிள்ளைகளின் சைக்கிள். மேட்டில் ஒரு பாதி கட்டிய வீட்டைச் சல்லிசாக வாங்கியிருந்தார். அவர் லாரியில் ஏறும்போது தெருக்காரர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். தண்ணீர் குறைகிற நேரத்தில் ஓடுகிற முதல் ஆள் இவர்தான் என்றார் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் காதுபடவே தையற்காரருக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்தார்கள். அளவுக்காரி தன் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

கீழ் முனை வீட்டை அண்ணன் வாங்கினார். தண்ணீர்தான் குறைந்துவிட்டதே என்று கடையின் சரக்கு அறையை அங்கே மாற்றினார். தரையை அரை அடி உயர்த்தி, இரும்பு அலமாரிகளைச் செங்கல் மேல் நிறுத்தி, இருபது லிட்டர் வாளிகளை மூன்று அடுக்காக ஏற்றினார். அவளுக்கு முதலில் நம்பவே முடியவில்லை. எண்ணை மாற்றிய மனுஷன், மாற்றியது தன் கை என்பதையே மறந்துவிட்டார். தாமே அடித்த பெயின்ட்டைத் தாமே நம்பினார். போதாக்குறைக்குக் கடல் தாழ்ந்திருக்கும் மாதங்கள் அவை. ஆறு மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பார்த்தாயா என்று அவர் அவளிடம் கேட்டபோது, அவருடைய கண்ணில் கள்ளமே இல்லை. அதுதான் அவளை மேலும் எரிச்சல்படுத்தியது.

சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டது அண்ணி. ஊரில் அளவுக்காரி முழு மனதோடு நேசித்த ஆட்கள் என்று எண்ணினால் ஒரு கையிலேயே விரல் மிச்சமிருக்கும். அவர்களில் அண்ணி முதல் ஆள். கலகலப்பானவள். எந்த நிறத்துக்கும் தானே ஒரு பெயர் வைத்திருப்பாள். வெளிர் மஞ்சளுக்கு மாமியார் சிரிப்பு என்றும், அழுக்குப் பச்சைக்கு வாத்தியார் சட்டை என்றும் சொல்லி வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்தே இரண்டு வாளி கூடுதலாக விற்றுவிடுவாள். கடல் ஏறுகிற பருவம் தொடங்கி ஒரு வாரமிருக்கும். அளவுக்காரி வேலை முடிந்து அந்தப் பக்கம் போனபோது, அண்ணி சரக்கு அறை வாசலில் உட்கார்ந்து தூரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இங்க தண்ணி வராதுல்ல?"

சொல்லியிருக்கலாம். நோட்டு கைப்பையிலேயே இருந்தது. அன்று காலையில் எழுதிய எண் இருநூற்றுக்குப் பக்கம். ஆனால் அன்றுதான், பாலத்தில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, அண்ணன் தையற்காரரின் கதையை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தார். லாரியில் ஏறும்போது அவருடைய முழங்கால் எப்படி ஆடியது என்பதெல்லாம். அந்தக் கசப்பு அவள் நாக்கிலேயே இருந்தது.

"கம்பத்துல நூத்தம்பதைத் தாண்டலை அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள். பொய் இல்லை. கம்பத்தில் தாண்டவில்லைதான்.

அடுத்த வாரம், பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலையில், கடலிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. பத்து மணிக்கு அவள் பாலத்தில் நின்றபோது தண்ணீர் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. பத்தேகாலுக்கு நூற்று எழுபத்தைந்து. பாலத்தடி அறையில் ஒரு அபாயச் சங்கு உண்டு. நூற்றெண்பதைத் தொட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குக் கீழே என்றால் பொறியாளரின் அனுமதி வேண்டும். அவள் போன் செய்தாள். உண்மையில் இருநூற்று இருபத்தைந்து சார், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள் என்றாள். அவர், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நூற்று எழுபத்தைந்து. அப்படியானால் இன்னும் ஐந்து இருக்கிறது, தேவையில்லாமல் ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள் என்று போனை வைத்துவிட்டார்.

தண்ணீர் நூற்று எழுபத்தெட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவள் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு சென்டிமீட்டருக்காகக் காத்திருந்தாள். பன்னிரண்டு நிமிடம். யாருடைய விதி, யார் அடித்த கோடு என்று எல்லாம் தெரிந்தவள், அந்தக் கோட்டுக்காகவே காத்திருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அழுத்தினாள். சங்கு ஊளையிட்டது. தெருக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, இன்று சோதனை நாள் போலிருக்கிறது என்று டீயைக் குடித்து முடித்தார்கள். இதை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். அப்போது அவள் தெருவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

கீழ் முனைக்கு அவள் வந்து சேர்ந்தபோது தண்ணீர் நீலமாக இருந்தது. அதற்குள் ரோஜா நிறம் கோடு கோடாகக் கலந்தது. வாளிகள் திறந்துகொண்டு மிதந்தன. சரக்கு அறைக்குள் முழங்காலளவு தண்ணீர்தான். ஆனால் அது வந்த வேகத்தில் அலமாரிக்குக் கீழிருந்த செங்கல்கள் நழுவி, அலமாரி அப்படியே சாய்ந்திருந்தது. அண்ணி அதன் அடியில் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு பக்க முடி முழுக்க வெள்ளை பெயின்ட். அளவுக்காரி அவள் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். அண்ணனும் அவள் கணவரும் இன்னும் நான்கு பேரும் வந்து அலமாரியைத் தூக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் இருவரும் பேசியது ஒரே வார்த்தை. வலிக்குது என்றாள் அண்ணி.

ஒரு கதவைக் கழற்றி, அதில் கிடத்தித் தூக்கிப்போனார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, இடது கால் இரண்டு இடத்தில். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், உயிருக்குப் பயமில்லை, நடக்க ஆறு மாதமாகும், பழைய நடை வராது என்றார்.

இவ்வளவுக்குப் பிறகாவது தெருவுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தெருவைத் தெரியாது. பத்தாம் நாள் கூட்டம் போட்டார்கள். ஒன்பது வீடுகளில் சாமான் போயிருந்தது, அரசாங்கம் நிவாரணம் தர வேண்டும். ஆனால் நிவாரணச் சட்டம், கம்பத்தில் நூற்றெண்பதைத் தாண்டிய வெள்ளத்துக்குத்தான் நிவாரணம் என்கிறது. கம்பத்தில் இருந்ததோ நூற்று எழுபத்தெட்டு. அதிகாரப்பூர்வமாக அன்று வெள்ளமே வரவில்லை. அலமாரி விழுந்தது அலமாரியின் குற்றம்.

அவளிடம் நிஜ எண்கள் எழுதிய நோட்டு இருப்பது எப்படியோ கசிந்திருந்தது. அவள் கணவர்தான் சொல்லியிருப்பார், அவருக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. அண்ணன் எழுந்து, எல்லோருக்கும் முன்னால், தங்கையிடம் அந்த நோட்டைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாமல் அவருடைய கண் உள்ளே போயிருந்தது. அவளுக்கு ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. நோட்டை எடுத்துப் படித்தாள். வெள்ளம் வந்த நாள் இருநூற்று இருபத்தெட்டு. நன்றாகக் கைதட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. அதற்கு முந்தின நாளையும் படித்தாள், அதற்கு முந்தினதையும். நூற்றெண்பதைத் தாண்டிய நாட்கள் பூஜ்ஜியத்தைத் திருத்தியதிலிருந்து மொத்தம் நாற்பத்தொன்று. கைதட்டல் தேய்ந்து நின்றது. ஒருவர் தும்மினார்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். அந்த மனிதருக்குத் தோல்வி என்பதே கிடையாது. ஒரு குறிப்பிட்ட நாளில் காற்றின் வேகம் அசாதாரணமாக இருந்தால், அந்த நாளுக்கு மட்டும் பழைய பூஜ்ஜியத்தைப் பயன்படுத்தலாம் என்றும், மற்ற நாற்பது நாட்களுக்குப் புதுப் பூஜ்ஜியமே சரி என்றும் நிரூபித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவளிடம் வந்து, அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துத் தரச் சொன்னார்கள்.

அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியெல்லாம் கூட்டத்திலிருந்த அத்தனை பேரையும் மனதுக்குள் நார் நாராகக் கிழித்தாள். ஆஸ்பத்திரிப் படியேறும்போதுதான் அந்த வரிசையில் தன் முறை வந்தது. அவர்களுக்காவது தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயின்ட் அடித்த கம்பம் இருந்தது. அவளிடம் நோட்டு இருந்தது.

அண்ணி காலைக் கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பெயின்ட் போகவில்லையாம். அளவுக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க கேட்ட அன்னைக்கே தெரியும். தண்ணி உள்ளே வரும்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

அண்ணி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அளவுக்காரிக்குத் தோன்றியது.

"கோடு போட்ட பெயின்ட்டை நான்தானே கலந்து குடுத்தேன்" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாதா? அந்தத் தையக்காரர் வீட்டுச் சுவத்துல எவ்வளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்துதுன்னு சுண்ணாம்பு அடிக்கும்போதே பார்த்தேன். உன்கிட்ட கேட்டது தெரிஞ்சுக்கறதுக்காக இல்லை. நீ வராதுன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் யோசிக்க வேண்டியதில்லைன்னு கேட்டேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆனா நீ சொல்லியிருக்கணும்" என்றாள். "நான் கேக்கற மாதிரி கேட்டாலும் நீ சொல்லியிருக்கணும்."

அண்ணி தண்ணீர் கேட்டாள், அளவுக்காரி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அவள் நோட்டை முழுசாக, ஒரு தாள் குறையாமல், நகரத்தில் இருந்த தலைமைப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பூஜ்ஜியத்தைத் திருத்தியதில் தன் கையெழுத்தும் இருப்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கூடவே வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. விசாரணை வந்தது. இளநிலைப் பொறியாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு என்று கேள்வி. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தெரு வசிக்கத் தகாத பகுதியானது. மேட்டில் மனை கிடைத்தது. அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று தெருவே தூற்றியது. தூற்றியவர்கள் அத்தனை பேரும் மனைக்கான வரிசையில் அவளுக்கு முன்னால் இடம் பிடிக்கத் தவறவில்லை. அண்ணன் மட்டும் கடைசிவரை மறுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணி, இனிமேல் கீழே கால் வைக்க மாட்டேன், வைக்கக் காலும் இல்லை என்று சொல்லிவிட்டு நேராக மேட்டுக்கே போய்விட்டாள். மூன்று மாதம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் போனார்.

மேட்டில் அவர்களுக்கு முன்னாலேயே குடியேறி, அறைகளைக் கட்டி முடித்து, நன்றாக இருந்தவர் தையற்காரர். வீடு கட்டும்வரை தங்க ஆறு குடும்பங்களுக்கு அவரே இடம் கொடுத்தார். அதில் கணக்கு வாத்தியார் குடும்பமும் ஒன்று. ஒருநாளும் அவர் பழையதை எடுத்து ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று வாத்தியாரின் மனைவி சொல்லிக்கொண்டு திரிந்தாள். அளவுக்காரி அவருடைய கடையில் பொத்தான் தைக்கவும் காஜா எடுக்கவும் சேர்ந்துகொண்டாள். கணவருக்கு மேட்டில் ஃபிரிட்ஜ்கள் அவ்வளவு சீக்கிரம் கெடவில்லை, வருமானம் பாதியானது.

இரண்டு வருடத்தில், கழிமுகத்தின் மற்ற தெருக்களும் நனைந்தன. அங்கிருந்தும் ஆட்கள் பாத்திரம் பண்டங்களோடு மேட்டை நோக்கி ஏற ஆரம்பித்தார்கள். உடனே சங்கம் மறுபடி உயிர்பெற்றது. தையற்காரர் வீட்டு முன்னறைதான் பெரிதாக இருந்தது என்று கூட்டத்தை அங்கே போட்டார்கள். தண்ணீருக்குப் பயந்து ஓடிவருகிற கண்டவர்களையும் சேர்த்துக்கொண்டால் மேடு தாங்காது, தண்ணீர்க் குழாயில் நெரிசலாகும், இடத்தின் மதிப்பு போய்விடும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கீழிருந்து யாரையும் ஏற விடக் கூடாது என்று தீர்மானம். பழக்கதோஷத்தில் அண்ணன் தலைமை தாங்கினார். அண்ணி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து வெளியே போனாள். தையற்காரர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு, அறையில் சிதறிக் கிடந்த நாற்காலிகளை அளவுக்காரி மடக்கி வைத்தாள். தையற்காரர் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட கைப்பகுதியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார்.

"அக்கா, இந்த இடம் கடலுக்கு எவ்வளவு மேலே இருக்கு?"

பதினொரு மீட்டர் என்றாள். இங்கே வந்த முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்திருந்தாள்.

"போதுமா?"

"எனக்கும் உங்களுக்கும் போதும். உங்க பொண்ணுங்களுக்கும் போதும்னு நினைக்கிறேன். அதுக்கப்புறம் எனக்குத் தெரியலை."

அவர் தலையாட்டிவிட்டு மிதித்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. வெளியே சாலையில், தலையில் ஒரு மடக்குக் கட்டிலோடு யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார். அவள் வாசலுக்குப் போய், இங்கேதான், இந்தப் பக்கம் வாங்க என்று கையசைத்தாள்.